மேல எப்ப தொறப்பாங்க? – மேகாங் ஆத்தைப் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல "வெளிநாட்டு ஆறுங்களைப் பத்தி கேளுங்க"ன்னு ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்சதுல பாதி காவிரி, மீதியில முக்கால்வாசி மேகாங். காவிரியைப் பத்தி நாம பேசாத வாரமே கிடையாது, அதனால இந்தத் தடவை மேகாங் மட்டும். ஆறு நாட்டுல ஓடுது: சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, கடைசியில வியட்நாம். அதே வரிசையை ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க, யாரு தலைமடை யாரு கடைமடைன்னு அடிக்கடி வரும்.

கேள்வி: நவம்பர்ல குடும்பத்தோட கம்போடியா டூர் போனோம். ப்னோம்பென்ல ஆத்தங்கரையில படகுப் போட்டி திருவிழா. எங்க கைடு பையன், "இந்த ஆறு, வருஷத்துல சில மாசம் பின்னாடி ஓடும்"னு சொன்னான். எங்க வீட்டுக்காரர் அவன் கதை விடறான்னு சொல்லிட்டார். எது உண்மை? – தஞ்சாவூர் வாசகி

கைடு சொன்னதுதான் உண்மை, உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கத்தை காட்டிடுங்க. நீங்க பார்த்தது மேகாங்கோட வந்து சேர்ற டோன்லே சாப் ஆறு. அது ஒரு நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், அந்தப் பக்கம் அதே பேர்ல ஒரு பெரிய ஏரி, இந்தப் பக்கம் ப்னோம்பென்ல மேகாங், ரெண்டுக்கும் நடுவுல இது ஒரு குழாய் மாதிரி. வீடு கட்டும்போது கொத்தனார் ட்யூப்ல தண்ணி ரொப்பி மட்டம் பார்ப்பார்ல, ஒரு முனையை தூக்கினா தண்ணி அந்தப் பக்கம் போகும், இறக்கினா இந்தப் பக்கம் வரும், அவ்ளோதான் விஷயம். மழைக்காலத்துல மேகாங் மட்டம் ஏரி மட்டத்தை தாண்டி ஏறும், உடனே தண்ணி பின்னாடி திரும்பி ஏரிக்குள்ள போக ஆரம்பிக்கும், கோடையில தஞ்சாவூர் மாவட்டம் அளவுக்குக் கூட இல்லாத ஏரி அப்படியே ஊதிக்கிட்டே போய் நல்ல வருஷத்துல நாலஞ்சு மடங்கு ஆயிடும், சுத்தி இருக்கற காடெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கும். மழை ஓஞ்சு மேகாங் இறங்கினதும் மறுபடி திரும்பி கடல் பக்கம். அந்தத் திரும்பலை ஒட்டி வர்றதுதான் நீங்க பார்த்த திருவிழா, போன் ஓம் தூக்னு பேரு. 2011ல வெள்ளம் ஜாஸ்தின்னு போட்டியை நிறுத்தினாங்க, 2015ல தண்ணி போதலைன்னு நிறுத்தினாங்க. அந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாலே அந்த ஊர் பொழப்பு எதுல தொங்குதுன்னு புரியும்.

ஏன்னா தண்ணிக்குள்ள முங்கின அந்தக் காடுதான் மீன் குஞ்சுங்களுக்கு வீடு, சாப்பாடு எல்லாம். தண்ணி திரும்பி இறங்கும்போது மீன் கூட்டம் கூட்டமா ஆத்துக்கு வரும், வலையில அள்ளி, சின்ன மீனை மிதிச்சு கசக்கி உப்பு போட்டு ஜாடியில வச்சா ப்ராஹோக், நம்ம ஊர்ல கருவாடு இல்லாத வீடு இருக்கும், அங்க ப்ராஹோக் இல்லாத வீடு கஷ்டம். வாசனையைப் பத்தி நான் எதுவும் சொல்லலை. அங்க கிடைக்கற ஒரு பொடி மீனுக்குப் பேரு ரியேல், அவங்க நோட்டு காசுக்கும் அதே பேருதான்.

கேள்வி: நான் விவசாயி. இந்த ஆத்துல எந்த நாட்டுக்கு எத்தனை டிஎம்சின்னு தீர்ப்பு ஏதாவது இருக்கா? – மன்னார்குடி வாசகர்

நீங்க கேட்கற மாதிரி டிஎம்சி கணக்கு அங்க கிடையவே கிடையாதுங்க. 1995 ஏப்ரல் 5ம் தேதி தாய்லாந்துல சியாங் ராய்ங்கற ஊர்ல லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நாலு பேரும் கையெழுத்து போட்டாங்க, அதுல பொறந்ததுதான் மேகாங் ஆணையம். தலைமடையில இருக்கற சீனாவும் மியான்மரும் அதுல உறுப்பினரே இல்லை, பேச்சுவார்த்தைக்கு வந்து உக்காருவாங்க அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்துட்டு மொய் நோட்டுல பேரு எழுதாம போற மாதிரி.

அந்த ஒப்பந்தத்துல 6வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவுன்னு இல்லாம, எந்தக் காலத்துல ஆறு எப்படி இருக்கணும்னு எழுதியிருக்காங்க. கோடையில மாசாமாசம் இயற்கையா ஓடற குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போகக்கூடாது, மழைக்காலத்துல டோன்லே சாப் திரும்பி ஓடற அளவுக்கு மேகாங்ல தண்ணி இருக்கணும், வெள்ளக் காலத்துல இயற்கையா வர்றதுக்கு மேல உச்சத்தை ஏத்தி விடக்கூடாது. நாலு நாட்டு அரசாங்கம் உக்காந்து "அந்த ஆறு பின்னாடி ஓடணும்"னு ஒப்பந்தத்துல எழுதி வச்சிருக்காங்கங்க, மேல சொன்ன கைடு பையனுக்கு இது தெரியுமான்னு தெரியலை.

ஆனா வக்கீல் புத்தி எங்க இருக்குன்னா, முதல் ரெண்டுக்கும் முன்னாடி "ஏத்துக்கக்கூடிய"ன்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டாங்க. ஏத்துக்கக்கூடிய குறைஞ்சபட்சம், ஏத்துக்கக்கூடிய அளவு திரும்பல். எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல நம்பர் இல்லை, அப்புறமா தனியா நடைமுறைன்னு போட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா அளந்து கண்காணிக்கிறாங்க. காவிரியில நமக்கு பிலிகுண்டுலுல 177.25 டிஎம்சின்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, தர்றாங்களோ இல்லையோ, ஏறிப் போய் நிக்கறதுக்கு ஒரு படி இருக்கு. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல அந்தப் படி கிடையாது. ரெண்டு பேரும் சம்மதிச்சாதான் எந்த கோர்ட்டும்.

கேள்வி: சீனா நினைச்சா மேகாங்கை அப்படியே நிறுத்திட முடியுமாமே? – சேலம், கல்லூரி மாணவர்

நிறுத்தவும் முடியாது, நிறுத்த அவங்களுக்குத் தேவையும் இல்லை. வருஷத்துக்கு மேகாங்ல ஓடற மொத்தத் தண்ணி 16,000 டிஎம்சிக்கு மேல, அதுல சீனாவுல இருந்து வர்றது சுமார் 16 சதவீதம்தான். லாவோஸ்ல இருந்து மட்டும் 35 சதவீதம் வருது. அப்ப எதுக்கு இத்தனை கூச்சல்னு கேப்பீங்க. அந்த 16 சதவீதம் வருஷ மொத்தத்துல. கோடையில கீழ மழை இல்லாதப்ப, வடக்கு தாய்லாந்து, லாவோஸ் பக்கத்துல ஓடற தண்ணியில பெரும்பங்கு மேல இருந்து வந்ததுதான்.

இதுல அணை எங்க வருதுன்னா, சீனாவுல இந்த ஆத்துக்குப் பேரு லான்சாங், அங்க மெயின் ஆத்துல மட்டும் பத்துக்கு மேல பெரிய அணை அடுக்கடுக்கா. அதுல நுவோஜாடுன்னு ஒண்ணு, முழுசா ரொம்பினா 23.7 பில்லியன் கனமீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 9 மேட்டூர் டேம். இது எல்லாமே முக்கியமா கரண்டுக்கு. கரண்டு டேம்காரன் தண்ணியை குடிக்கறதில்லை, டர்பைன் வழியா திரும்ப ஆத்துலதான் விடுவான். ஆனா எப்ப விடறதுங்கறது அவன் இஷ்டம். மழைக்காலத்துல பிடிச்சு வச்சுக்குவான், கோடையில கரண்டுக்காக விடுவான். அதனால கீழ கோடையில தண்ணி முன்னைவிட ஜாஸ்தி, மழைக்காலத்துல கம்மி. கேக்க நல்லா இருக்குல்ல? சீனா சொல்றதும் அதுதான், "கோடையில உங்களுக்கு உதவிதானே பண்றோம்"னு, 2016ல வியட்நாம்ல கடும் வறட்சி வந்து உப்பு ஏறினப்ப மார்ச்சுல ஜிங்ஹாங் அணையில இருந்து தனியா தண்ணி திறந்தும் விட்டாங்க, அதை மறைக்கக்கூடாது. ஆனா மேல படிச்சீங்களே அந்த ஏரி, அதுக்கு கோடைத் தண்ணி வேண்டாம், மழைக்கால வெள்ளம்தான் வேணும். ஜூன்ல வேண்டிய தண்ணியை பிப்ரவரியில குடுத்தா மீனுக்கு என்ன பிரயோஜனம், நடவுக்கு வராத தண்ணி அறுப்புக்கு வந்த மாதிரிதான்.

இன்னொண்ணு, திடீர்னு மாறும். வடக்கு தாய்லாந்துல சியாங் கோங் பக்கம் கோடையில ஆறு தெளிஞ்சு இறங்கினதும் பொம்பளைங்க முழங்கால் தண்ணியில இறங்கி பாறையில இருந்து ஒரு பச்சைப் பாசியை நூல் நூலா உருவி எடுப்பாங்க, அதுக்குப் பேரே "கை", நாம சொல்ற கை மாதிரியேதான், அலசி, தட்டி, எள்ளு தூவி காய வச்சு சாப்பிடுவாங்க விப்பாங்க. அந்தப் பாசி வளர வெயில் உள்ள போற அளவுக்கு தண்ணி தெளிவா, ஆழம் மாறாம இருக்கணும். மேல அணையில மின்சாரம் கூட ஓட்டினா கீழ மட்டம் ஏறும், குறைச்சா இறங்கும், பாசி ஒண்ணு முங்கிப் போவும் இல்ல காஞ்சு போவும்.

கேள்வி: சரி, திறக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி சொல்லலாமே? – பெயர் வேண்டாம், ஈரோடு

அதைத்தான் இருபது வருஷத்துக்கும் மேல கேட்டுக்கிட்டு இருக்காங்க. 2002ல சீனா மழைக்கால அளவை மட்டும் தர ஒத்துக்கிச்சு, வெள்ள எச்சரிக்கைக்காக. வருஷம் முழுக்க ரெண்டு ஸ்டேஷன் அளவு தர்றேன்னு சொன்னது 2020லதான், அதுவும் 2019ல கீழ் மேகாங் என்னைக்கும் இல்லாத அளவுக்கு இறங்கி பெரிய சத்தம் ஆனப்புறம். அப்புறமும் பாருங்க, 2020 டிசம்பர் கடைசியில ஜிங்ஹாங்ல தண்ணி குறைய ஆரம்பிச்சிருச்சு, மின்கம்பி பராமரிப்பு வேலை நடக்குது, ஜனவரி 24ம் தேதி வரைக்கும் விநாடிக்கு சுமார் 35,000 கன அடிதான் வரும்னு ஆணையத்துக்கு தகவல் வந்தது ஜனவரி 5ம் தேதி. அதுக்குள்ள கீழ தாய்லாந்துல சியாங் சேன்ல மட்டம் இறங்கியாச்சு. கல்யாணம் முடிஞ்சு பத்திரிகை வர்றது நமக்குத் தெரியாததா.

கேள்வி: எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க, சீனாதான் வில்லன்னு ஒரே வரியில முடிங்களேன். – சென்னை வாசகர்

முடிச்சிருப்பேன், வியட்நாம் மட்டும் குறுக்க வரலைன்னா. டெல்டாவுல அழுவற அதே வியட்நாம், சே சான்ங்கற கிளை ஆத்துல மேல உக்காந்திருக்கு. அங்க யாலி அருவி பக்கத்துல அணை கட்டும்போது 90களோட கடைசியில சொல்லாம கொள்ளாம தண்ணி திறந்து விட்டு, கீழ கம்போடியாவுல ரத்தனகிரி மாகாணத்து கிராமத்துல படகு போச்சு, வலை போச்சு, ஆட்களும் போனாங்க. அங்க கம்போடியாக்காரன் வியட்நாமை கேட்ட கேள்வியும், இன்னிக்கு வியட்நாம்காரன் சீனாவை கேக்கற கேள்வியும் ஒண்ணுதான். லாவோஸ்ல கிளை ஆறுகள்ல எத்தனையோ அணை. தாய்லாந்து 1994லயே மூன் ஆறு மேகாங்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல பாக் மூன் அணையைக் கட்டி மீன் ஏறி வர்ற வழியை அடைச்சு, இன்னிக்கு வரைக்கும் அந்த ஊர் மீனவங்க கதவைத் திறக்கச் சொல்லி போராடிட்டு இருக்காங்க. எல்லாருமே எங்கயோ ஒரு இடத்துல தலைமடைதான்.

கேள்வி: லாவோஸ் குட்டி நாடு. அவங்களுக்கு எதுக்கு இத்தனை அணை? – கோவை

அவங்களுக்கு இல்லை, விக்கறதுக்கு. கடல் கிடையாது, பெரிய தொழில் கிடையாது, மலையும் ஆறும் இருக்கு, அதனால "தென்கிழக்கு ஆசியாவுக்கு நாங்க பேட்டரி"ன்னு கிளம்பிட்டாங்க. சாயபுரி அணை, 1,285 மெகாவாட், கீழ் மேகாங்ல மெயின் ஆத்துக்கு குறுக்க வந்த முதல் அணை. 2010ல ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிச்சாங்க, 2011 ஏப்ரல்ல நாலு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கும் வரலை, லாவோஸ் கட்ட ஆரம்பிச்சிருச்சு, 2019 அக்டோபர்ல கரண்டும் விட ஆரம்பிச்சிருச்சு. கலந்து பேசணும்னு விதி இருக்கு, பேசி ஒத்து வரலைன்னா நிறுத்தணும்னு விதி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சுனால டிசைனை கொஞ்சம் மாத்தி மீன் ஏற வழியும் வண்டல் போக மதகும் வச்சாங்க, அது எந்த அளவுக்கு வேலை செய்யுதுங்கறது வேற சண்டை. அந்தக் கரண்டுல 95 சதவீதம் வாங்கறது யாரு தெரியுமா? தாய்லாந்து. பாங்காக் மால் ஏசியில போய் நின்னு லாவோஸை திட்டறது கொஞ்சம் சங்கடம்தான்.

கேள்வி: எங்க பக்கம் கடைமடையில உப்பு ஏறி தென்னை கூட கருகுது. வியட்நாம் டெல்டாவுலயும் அப்படியா? அதுக்கும் அணைதான் காரணமா? – வேதாரண்யம்

அப்படியேதான். 2016லயும் 2020லயும் கடல் உப்பு ஆத்துக்குள்ள ரொம்ப தூரம் ஏறி நெல்லு, பழத்தோட்டம் எல்லாம் அடி வாங்குச்சு. அணை ஒரு காரணம், ஆனா தண்ணியை மட்டும் பார்த்தீங்கன்னா பாதிதான் புரியும், வண்டலைப் பாருங்க. ஒரு காலத்துல மேகாங் வருஷத்துக்கு சுமார் 16 கோடி டன் வண்டல் கொண்டு வந்துச்சு, அந்த டெல்டாவே அப்படி பொறந்ததுதான். அணைக்குள்ள தண்ணி நின்னா வண்டல் அடியில தங்கிடும், வெளிய வர்றது வெறும் தெளிஞ்ச தண்ணி. 2019 கடைசியில தாய்லாந்துல நகோன் பனோம் பக்கம் செம்மண் கலர்ல ஓட வேண்டிய மேகாங் கடல் மாதிரி நீலமா மாறிடுச்சு, டூரிஸ்ட்டுங்க போய் செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க, கரையில இருந்த மீனவங்களுக்கு வயித்துல புளி கரைச்சது. வண்டல் இல்லாத தண்ணி சும்மா போகாது, கரையையும் ஆத்துப் படுகையையும் அரிச்சு எடுத்துக்கிட்டுப் போகும்.

அதோட மணல். கம்போடியாவுலயும் வியட்நாம்லயும் கட்டடம் கட்ட ஆத்து மணலை அள்ளி அள்ளி படுகை ஆழமாயிடுச்சு, ஆழமானா கடல் தண்ணி சுலபமா உள்ள வரும். இதை வேதாரண்யத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. போதாததுக்கு நிலத்தடி தண்ணியை உறிஞ்சி டெல்டா தரையே அமுங்குது, மூணு போகம் நெல் போடறதுக்காக உசரமா கரை போட்டு வெள்ளம் வயலுக்குள்ள வராம தடுத்ததுல வர்ற கொஞ்ச வண்டலும் வயலுக்கு சேர்றதில்லை. பெய்ஜிங்கை கேட்டு யாரும் அந்தக் கரையைப் போடலை.

கேள்வி: ஐநாவுல சட்டம் எதுவும் இல்லையா? – மதுரை

இருக்கு, நாடு தாண்டி ஓடற ஆறுகளைப் பத்தி ஒரு ஐநா ஒப்பந்தம். அதுக்கு 1997ல ஓட்டெடுப்பு நடந்துச்சு, எதிர்த்து ஓட்டு போட்டது சீனா, துருக்கி, புருண்டி மூணே நாடு. மூணுமே தலைமடை. இந்தியாவும் பாகிஸ்தானும் அபூர்வமா ஒரே பக்கம், ரெண்டும் ஓட்டு போடாம ஒதுங்கிக்கிச்சு. அமலுக்கு வர 35 நாடு சேரணும், அந்த 35வது நாடா வந்து சேர்ந்தது வியட்நாம், 2014ல. கடைமடைக்காரனுக்குத்தான் சட்டத்தோட அருமை தெரியும்.

கேள்வி: எல்லாம் சண்டையாவே இருக்கே, எங்கயாவது உருப்படியா நடந்திருக்கா? – திருநெல்வேலி, ஓய்வு பெற்ற ஆசிரியை

டீச்சர், மேகாங்கை விட்டுட்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வாங்க. செனகல் ஆறு. 1972ல மாலி, மொரிட்டானியா, செனகல் மூணு நாடும் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, கினி 2006ல சேர்ந்துச்சு. அவங்க பண்ண புத்திசாலித்தனம் என்னன்னா, தண்ணியைப் பங்கு போடறதுக்கு முன்னாடி அணையையே கூட்டுச் சொத்தா வச்சுக்கிட்டாங்க. மனன்தாலி அணை இருக்கறது மாலிக்குள்ள, ஆனா அது மாலியோடது இல்லை, மூணு பேரோடது. கடனும் மூணு பேருக்கு, கரண்டும் மூணு பேருக்கு: மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 சதவீதம். 1989ல செனகலும் மொரிட்டானியாவும் அடிச்சுக்கிட்டு தூதரக உறவே அறுந்து போச்சு, அப்பவும் இந்த அமைப்பு கலையலை. பங்காளிங்க பேச்சு வார்த்தை இல்லாம இருந்தாலும் பொதுக் கிணத்து மோட்டார் ரிப்பேர்னா ரெண்டு வீட்டுல இருந்தும் ஆள் வருவாங்களே, அந்த மாதிரி.

ரொம்ப புகழவும் முடியாது. ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல 1986ல தியாமா தடுப்பணை வந்து உப்புத் தண்ணி உள்ள வர்றது நின்னுச்சு, விவசாயத்துக்கு நல்லது, ஆனா நன்னீர் வருஷம் பூரா தேங்கி நத்தை பெருகி, அந்த நத்தை வழியா பரவற ஒட்டுண்ணிப் புழு நோய் ரிச்சர்ட் டோல் பக்கத்து ஊர்களை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. நத்தையை தின்னுக்கிட்டு இருந்த ஆத்து இறாலுக்கு கடலுக்குப் போய் வர்ற வழியை அணை அடைச்சிருச்சு. மூணு நாட்டு இன்ஜினியர்ஸும் ஒத்துமையா உக்காந்து போட்ட பிளான்தான், இறாலை மட்டும் யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடலை.

கேள்வி: நம்ம கங்கை ஒப்பந்தம் முடியப் போகுதாமே? – வேலூர்

1996 டிசம்பர் 12ல அப்ப நம்ம பிரதமரா இருந்த தேவகவுடாவும் வங்கதேசப் பிரதமரா இருந்த ஷேக் ஹசீனாவும் போட்டது, 30 வருஷத்துக்கு, அதனால 2026 டிசம்பரோட முடியுது. அது ஜனவரி முதல் மே வரைக்கும் மேற்கு வங்கத்துல ஃபராக்கா தடுப்பணையில பத்து பத்து நாளா அளந்து பங்கு போடற ஒப்பந்தம், மேகாங் மாதிரி இல்லை, முழுக்க முழுக்க நம்பர். அதுக்கு தனியா ஒரு வாரம் வேணும், கேள்வியை எடுத்து வச்சிருக்கேன்.

கேள்வி: முதல் கேள்வி அனுப்பினவங்களோட தங்கச்சி நான். அடுத்து நாங்க போறோம். ஆறு பின்னாடி ஓடறதை கண்ணால பார்க்கணும்னா எந்த மாசம் டிக்கெட் போடணும்? – தஞ்சாவூர்

அக்கா போன நவம்பர்ல போனா ஆறு ஒழுங்கா கடல் பக்கம்தான் ஓடும். பின்னாடி ஓடறது வழக்கமா மே கடைசி, ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வாக்குல முடியும். ஆனா 2019லயும் 2020லயும் ரொம்ப லேட்டாத்தான் திரும்புச்சு. அதனால ஜூன் டிக்கெட் போடாதீங்க, ஆகஸ்ட் போடுங்க. ப்னோம்பென்ல அரண்மனைக்கு எதிர்ல கரையில நின்னு, தண்ணியில மிதந்து போற ஆகாயத்தாமரையைப் பாருங்க, அது எந்தப் பக்கம் போகுதோ அதுதான் பதில். குடை எடுத்துட்டுப் போங்க, மழை அடிச்சு ஊத்தும்.